தொப்பிச் சிப்பியின் கட்டில்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ராத்திரி முழுக்க ஊரைச் சுற்றிவிட்டு வருகிற மனிதர், தலையணையைப் பார்த்ததும் சுருண்டு விழ வேண்டாமா? இவர் விழவில்லை. காலையில் வீடு திரும்புவார், குளிப்பார், சாப்பிடுவார், திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பார். படுத்த பிறகு கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தபடி மதியம் வரை கிடப்பார்.

அவர் மனைவி செய்யாதது ஒன்றுமில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் அவள். கடைக்குக் கிளம்புகிறவரை வீட்டில் மிக்ஸி ஓடாது, குழாய் சொட்டாது. கதவு இடிக்காமலிருக்கத் தாழ்ப்பாளில் துணி சுற்றி வைத்திருந்தாள். மேல் வீட்டுக்காரர்களோடு ஒரு மூச்சு சண்டை போட்டு, அவர்கள் நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ரப்பர் மாட்ட வைத்தாள். தன் வீட்டிலேயே அவள் திருடி மாதிரி நுனிக்காலில் நடந்தாள். இருமல் வந்தால்கூடக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருமினாள். இவ்வளவும் செய்து என்ன பிரயோசனம்? அந்த நிசப்தத்தில் அவர் இன்னும் நன்றாக விழித்துக்கொண்டு கிடந்தார்.

மாத்திரை போட்டுப் பார்த்தார். அது மறுநாள் சாயங்காலம் வரை தலையைத் தூக்க விடவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற வேலைக்கு அது சரிப்படாது என்று மனைவியே அட்டையோடு தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாள்.

அப்புறம் அந்தச் சம்பவம். நோயாளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது கண் ஒரு கணம் சொருகிவிட்டது. வண்டி சாலையின் நடுத்திட்டில் ஏறி நின்றது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, முன்பக்கம் நசுங்கியதோடு போயிற்று. மேற்பார்வையாளர் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவேன் என்று மட்டும் சொன்னார். மீசை முளைத்த நாளிலிருந்து ஸ்டியரிங் பிடித்தவர் அவர். ஸ்டோரில் கையுறைப் பெட்டிகளுக்குக் காவல் உட்காருவதா? வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் அதுவும் அவருக்கு ஒன்றுதான்.

இந்த நேரத்தில்தான் சங்கு வகுப்பு வந்தது. வந்தது அவருக்கல்ல, மனைவிக்கு. கடற்கரைக்குப் போனால் கைப்பை நிறையக் கிளிஞ்சல் இல்லாமல் வீடு திரும்பாதவள் அவள். நூலகத்து மாடியில் பெரியவர்களுக்குச் சங்கு, சிப்பி, கடற்கரை உயிர்கள் பற்றிச் சாயங்கால வகுப்பு என்று அறிவிப்பைப் பார்த்ததும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சேர்ந்த கையோடு கடையில் அவள் ஷிப்டை மாற்றித் தொலைத்தார்கள். அழாத குறை. அவள் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதி வைத்துவிட்டு வந்து, நீங்கள் போய்க் கேட்டுவிட்டுக் காலையில் எனக்குச் சொல்லுங்கள் என்றாள். சிப்பியைப் பற்றி எனக்கென்ன என்று அவர் முனகிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் வகுப்பு. டீச்சர் அவர் வயதுக்காரர்தான், வெளுத்த பருத்திச் சேலை, கழுத்தில் பூதக்கண்ணாடி. ஜன்னல் திரைகளை இறக்கி, புரொஜெக்டரைப் போட்டார். சுவரில் ஒரு கடல் நத்தை எழும்பி, மெதுவாக, அவசரமே இல்லாமல் ஊர்ந்தது. டீச்சரின் குரலும் அப்படித்தான் இருந்தது. கையிலிருந்த சங்குக்குச் சொல்வதுபோல, நாம் பக்கத்தில் இருப்பதால் நமக்கும் கேட்டுவிட்டதுபோல ஒரு குரல். மெல்லுடலிகளுக்கு எலும்பு இல்லை, ஓடு அதன் உடம்போடு சேர்ந்தே வளர்கிறது, அதை விட்டு அது வெளியே போக முடியாது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், கடைசி பெஞ்சில் நம் மனிதர் அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டார்.

அப்படி ஒரு தூக்கம். சுவரில் ஊர்ந்த நத்தையின் பின்னால் அவரும் ஊர்ந்து போனார். தரையெல்லாம் தண்ணீராக இருந்தது, ஆனால் நனையவில்லை. சங்குகள் வரிசையாகத் திறந்து கிடந்தன, ஒவ்வொன்றின் உள்ளேயும் விளக்கு எரிந்தது. எங்கோ அந்தக் குரல் பேசிக்கொண்டே இருந்தது. கண் விழித்தபோது அறையில் யாரும் இல்லை. டீச்சர் மட்டும் அவருக்கு முதுகைக் காட்டியபடி, பழைய பல் துலக்கும் பிரஷால் சங்குகளைத் துடைத்துப் பஞ்சு விரித்த தட்டுகளில் அடுக்கிக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இவர் எழுந்த சத்தத்தில் பேச்சு நின்றது. மன்னிப்பு கேட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி வேலைக்கு ஓடினார். அன்று ராத்திரி அவர் கண்ணுக்குத் தெருவிளக்குகள் எல்லாம் கழுவி வைத்ததுபோல் தெரிந்தன.

அப்புறம் விடுவாரா? வகுப்பு இருக்கிற நாளெல்லாம் முதல் ஆளாக வந்து கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, ஆள் ஒரு நாள்கூடத் தவறவில்லை, ஒரு நாள்கூட விழித்திருக்கவும் இல்லை. வகுப்பில் இருந்த பல் டாக்டர், இவர் குறட்டையில் பாடமே கேட்கவில்லை என்று புகார் செய்தார். புரொஜெக்டர் சத்தத்தோடு சேர்ந்து அதுவும் போகட்டும், அவரை எழுப்பாதீர்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். மாமியாரும் மருமகளுமாக வந்துகொண்டிருந்த இருவர் உண்டு. வீட்டில் எலியும் பூனையுமாக இருந்து, இந்த வகுப்பில் மட்டும் ஒரே பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள். அந்த மாமியார்தான் இவருக்குத் தூங்குமூஞ்சி மாணவர் என்று பெயர் வைத்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பின்னும் டீச்சர் இவரை எழுப்பமாட்டார். தட்டுகளை அடுக்கி முடிக்கிறவரை அவரைத் தூங்க விடுவார்.

காலையில் வீட்டில் இன்னொரு வகுப்பு நடக்கும். மனைவி எதிரில் உட்கார்ந்து, நேற்று என்ன பாடம் என்று ரகசியக் குரலில் கேட்பாள். தூங்கிவிட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஆனால் சொல்வதற்கு அவரிடம் விஷயம் இருந்தது, அதுதான் வேடிக்கை. தூக்கத்தில் காதில் விழுந்ததெல்லாம் உள்ளே எங்கோ தங்கியிருந்தது. சிப்பியின் ஓடு ஓரத்தில்தான் வளரும் என்பார், சரி. ஒரு வகை நத்தை, பல் வைத்த நாக்கால் சிப்பியில் பொட்டளவு துளை போட்டு உள்ளிருப்பதைத் தின்னும் என்பார், அதுவும் சரி. துளை போட்டுவிட்டு, உள்ளே யாருங்க என்று ஒரு வார்த்தை கேட்கும் என்பார். அது இவர் கனவு. எது பாடம், எது கனவு என்று சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவளுக்கும் தெரியாது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் சிரிப்பாள். அத்தனையையும் கொண்டுபோய் மருந்துக்கடையில் சொல்வாள்.

ஒரு நாள் தொப்பிச் சிப்பியைப் பற்றிச் சொன்னார். புத்தகத்தில் அதற்கு லிம்பெட் என்று பெயர். பாறையில் சின்னத் தொப்பியைக் கவிழ்த்ததுபோல் ஒட்டியிருப்பதால் வகுப்பில் எல்லோரும் வைத்த பெயர் இது. தண்ணீர் ஏறியதும் இடத்தை விட்டுப் போய்ப் பாசி மேயும், இறங்குவதற்குள் அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிடும். அது போன பிறகும் அதன் கட்டில் கால் இருந்த நான்கு இடமும் தரையில் அப்படியே தெரியும் என்றார்.

"சிப்பிக்கு ஏதுங்க கட்டிலு?"

"டீச்சரே சொன்னாங்க."

டீச்சரே சொன்னால் சரிதான் என்று அவள் விட்டுவிட்டாள்.

வகுப்புகள் முடியப்போகிற சமயத்தில் ஒரு நாள் மாமியார் இவரை உலுக்கி எழுப்பினார். கடைசி வகுப்பு கடற்கரையில், அதிகாலையில் கடல் வற்றியிருக்கிற நேரத்தில். ஒவ்வொருவரும் பாறையில் ஓர் உயிரைக் காட்டி அதைப் பற்றிப் பேச வேண்டும். அதோடு வகுப்பு முடிந்தது, மறுபடி நடக்காது, அறையைக் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசுவதற்காக அல்ல. இனி எங்கே போய்த் தூங்குவது? அன்று ராத்திரி வண்டி ஓட்டும்போது நடுத்திட்டுகள் எல்லாம் அவர் கண்ணுக்கு ஒரு சாண் கூடுதல் உயரமாகத் தெரிந்தன.

கடைசி நாள் ஷிப்ட் முடிந்து சீருடையோடு நேரே கடற்கரைக்குப் போனார். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. நேற்று வரை தண்ணீருக்கடியில் இருந்த இடமெல்லாம் வெளியே வந்து பளபளவென்று கிடந்தது. பாறைக் குட்டைகளில் வானம் துண்டு துண்டாக விழுந்திருந்தது. ஒரு சிவப்புக் கடல்பூ விரல் நிழல் பட்டதும் வாயை மூடிக்கொண்டது. முழுத்தூக்கம் இல்லாத கண்ணுக்கு இதெல்லாம் விழித்துப் பார்ப்பதுபோலவே இல்லை. வகுப்பில் அவர் கண்ட கனவுக்குள் யாரோ எல்லோரையும் செருப்போடு கூட்டி வந்துவிட்டதுபோல் இருந்தது.

பல் டாக்டர் நத்தையின் பல் நாக்கைப் பற்றித் தன் கிளினிக்கில் பேசுவதுபோல் பேசினார். மருமகள் கல்லுமட்டி என்கிற சிப்பி நூல் விட்டுப் பாறையைப் பிடித்துக்கொள்வதைக் காட்டினாள். மாமியார் ஆக்டோபஸைத் தேடி, கிடைக்காமல், அது இங்கேதான் எங்கோ நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று முடித்தார். அடுத்து இவர் முறை.

அவருக்கு முன்னால் ஒரு பாறையில் தொப்பிச் சிப்பிகள் கூட்டமாக ஒட்டியிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் முட்டை வடிவில் ஒரு வளையத் தடம், அதன் ஓடு தேய்த்துத் தேய்த்துப் பாறையில் பதித்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, தூக்கத்தில் சேர்ந்திருந்ததை நம்பி வாயைத் திறந்தார்.

"இது தொப்பிச் சிப்பிங்க. தண்ணி ஏறினா மேயப் போகும், எறங்கறதுக்குள்ள இதே எடத்துக்கு வந்துரும். வேற எடத்துல வச்சா ஓடு பொருந்தாது." எல்லோரும் தலையாட்டினார்கள். அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "ஒரு நாள் கோவத்துல, இது உன் வீடு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாங்க. என்ன கோவம்னுகூட இப்ப ஞாபகம் இல்ல. அது கட்டில ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. கட்டில் கால் இருந்த நாலு எடமும் தரையில வெள்ளையாத் தெரியுது. அங்க வேற எதையும் வைக்கிறதில்ல. பெருக்கும்போதுகூட அத விட்டுட்டுச் சுத்தித்தான் பெருக்கறது."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிப்பி வீட்டில் விளக்குமாறும் இருக்கிறதா என்று பல் டாக்டர் கேட்டார். இவரும் சிரிக்கப் போனார், டீச்சரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எத்தனையோ வாசல்களில் எத்தனையோ முகங்களைப் பார்த்தவர் அவர். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு தள்ளியிருந்த பாறையை நோக்கி நடந்தார்.

சிரிப்பை முதலில் நிறுத்தியவர் மாமியார். டீச்சர் போவதைப் பார்த்தார், மருமகளின் கையைப் பிடித்தார், ஆக்டோபஸ் அந்தப் பக்கம் இருக்கும் என்று பல் டாக்டரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் இவருக்கு எல்லாம் உறைத்தது. எல்லோரும் போன பின் சங்கைத் துடைத்துக்கொண்டே டீச்சர் பேசியது பாடம் இல்லை. தூங்குகிற ஒரு மனிதரை நம்பி வாய்விட்டுப் பேசிய சொந்தக் கதை. அதைத் தூக்கி நாலு பேர் நடுவில் போட்டுவிட்டாரே. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. தண்ணீரில் கால் வைத்து, வழுக்கி, பிடித்துக்கொண்டு அந்தப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தார். பாடம் என்று நினைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றார். டீச்சர் கோபமாக இல்லை. அது என் தங்கை என்று மட்டும் சொன்னார்.

"வேற என்ன சொன்னேன்?"

"போன் போடுவீங்க, மணி அடிக்கறதுக்குள்ள வச்சுருவீங்கன்னு." சொல்லவா வேண்டாமா என்று தயங்கினார். "கடைசியில திரும்பி வந்துருச்சு. தண்ணி எறங்கறதுக்குள்ள வந்துருச்சுன்னு சொன்னீங்க."

"அத நான் சொல்லலையே."

"அப்ப அது நான் கண்ட கனவா இருக்கும், டீச்சர்."

டீச்சர் திரும்பி அவரை முழுசாகப் பார்த்தார். தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. பாறை இடுக்குகளில் களக் களக்கென்று சத்தம் வந்தது. டீச்சர் தன் பையிலிருந்து போனை எடுத்தார், பிடித்துக்கொண்டே இருந்தார், அழுத்தவில்லை.

"முழிச்சிருக்கறவங்க முன்னாடி எனக்குப் பேச வராது சார். நீங்க கொஞ்சம் தூங்குங்களேன்."

நல்ல கதை. ஊரே அடங்கினாலும் தூங்காத மனிதரைப் பார்த்து, வெயில் ஏறுகிற பாறையில் தூங்கு என்றால்? ஆனால் அவர் மறுபேச்சு பேசவில்லை. சீருடைத் தொப்பியைத் தலைக்கு வைத்துப் படுத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். தூங்குவதுபோல் நடித்துவிட வேண்டியதுதான். மணி அடிப்பது கேட்டது, இந்தத் தடவை டீச்சர் வைத்துவிடவில்லை. அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"நான்தான்டி, அக்கா பேசறேன்" என்றது அந்தக் குரல். அப்புறம், "இல்லடி, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்றது. தங்கை என்ன சொல்லுகிறாள் என்று கேட்க அவருக்கு உயிர் துடித்தது. ஆனால் அந்தக் குரல் பேசப் பேச, அலைச் சத்தம் அதன் அடியில் போய்ச் சேர்ந்துகொண்டது, பாறை மெதுவாக அசைவதுபோல் இருந்தது, சங்குகளுக்குள் விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது. நடிக்கப் போனவர் நிஜமாகவே தூங்கிவிட்டார்.

விழித்தபோது முகத்துக்கு மேல் குடை விரிந்திருந்தது. அதைப் பிடித்தபடி டீச்சர் உட்கார்ந்திருந்தார், சேலைக் கரை நனைந்து, கண் வீங்கி. கடல் பாறையின் பாதி வரை ஏறிவிட்டது. தொப்பிச் சிப்பிகள் தண்ணீருக்கடியில் போய்விட்டன.

"உங்க வண்டியில கட்டில் ஏத்தலாமா?" என்று கேட்டார் டீச்சர்.

ஆம்புலன்ஸில் ஏற்ற விடமாட்டார்கள், ஆனால் தெரிந்தவர் ஒருவரிடம் சின்ன லாரி இருக்கிறது, நானே ஓட்டி வருகிறேன் என்றார் இவர். சொல்லும்போது நெஞ்சு நிறைந்தது. கூடவே ஒரு ஓரத்தில் சுருக்கென்றது. இனிமேல் டீச்சர் வீட்டில் பேச ஆள் இருக்கும். தூங்குகிற மனிதர் அவருக்குத் தேவைப்படமாட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில்தான் பொறி தட்டியது. கடற்கரையில் என்ன நிசப்தமா இருந்தது? அலை, பறவை, மனிதர்கள், போன் பேச்சு. அதில் எப்படித் தூங்கினோம்? டியூட்டி அறையை நினைத்துப் பார்த்தார். எல்லோரும் வாய் ஓயாமல் அரட்டை அடிக்கிறவரை நிம்மதியாக இருக்கும். பேச்சு நின்று, அறை அமைதியானதும் போன் அலறும். எந்த வருஷத்திலிருந்தோ அமைதி என்றால் அவர் உடம்புக்கு ஒரே அர்த்தம்தான், இதோ மணி அடிக்கப்போகிறது, எழுந்திரு. பாவம், அவர் மனைவி தாழ்ப்பாளில் துணி சுற்றி, நுனிக்காலில் நடந்து, அந்த அறையைத்தான் தினமும் வீட்டில் கட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள் சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள், சத்தமில்லாமல் தட்டு வைத்தாள். அவர் தாழ்ப்பாள் துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, டீச்சர் கதை முழுவதையும் சொன்னார். தான் ஒரு வகுப்பில்கூட விழித்திருக்கவில்லை என்பதையும் சொன்னார். அவள் திட்டவில்லை, கட்டிலைப் பற்றி அப்போதே சந்தேகப்பட்டேன் என்றாள். பிறகு அவர் படுத்துக்கொண்டு, பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஏதாவது பேசு."

"என்ன பேசறது?"

"உன் வாயில வர்றதப் பேசு. நான் தூங்கிருவேன்."

"தூங்கிட்டா நான் சொல்றது எப்படிங்க கேக்கும்?"

கேட்கும் என்றார். அவளுக்கு ஆரம்பத்தில் பேச வரவில்லை. எத்தனை நாளாகக் குரலைத் தணித்துத் தணித்து வைத்திருந்தவள். கடையில் புதிதாக வந்த பெண் இருமல் மருந்தைத் தப்பான அலமாரியில் அடுக்குவதைச் சொன்னாள். மேல் வீட்டுக்காரி இன்னும் முகம் கொடுத்துப் பேசாததைச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு தன் போக்கில் ஓட ஆரம்பித்தது. அவர் கண் தானாக மூடிக்கொண்டது. தரையெல்லாம் தண்ணீர் வந்து நிறைந்தது, நனையவில்லை. அவள் நிறுத்தவில்லை. மதியம் வரை பேசினாள்.

அவர் எழுந்தபோது அவள் கடைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு கனவு என்றார். ஒரு சங்கு இருந்தது. உள்ளே இருக்கிறது வெளியே போனதும், திரும்பி வருகிறவரை அந்தச் சங்கு ராத்திரி முழுக்கத் தூங்காதாம். தெருவில் சைரன் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்ளுமாம். நடுத்திட்டில் வண்டி ஏறின நாளிலிருந்து ரொம்பப் பயமாம் அதற்கு, ஆனால் சொன்னால் அவர் தூக்கம் கெடும் என்று சொல்லாதாம்.

அவள் கையில் சீப்பு அப்படியே நின்றது.

"அது டீச்சர் சொன்ன பாடமா?"

"இல்ல, நீ சொன்னது" என்றார் அவர். அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அன்று கடைக்குத் தாமதமாகத்தான் போனாள்.